வாயை மூடினால் கேட்கும் சத்தம்

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறவர்கள். "காதுல நான் எதையுமே விட்டதில்ல" என்பார்கள். உள்ளே விளக்கடித்தால் தீக்குச்சித் தலை ஒன்று மருந்தோடு உட்கார்ந்திருக்கும். "சிகரெட்டா, அந்த வாசனையே எனக்கு ஆகாது" என்பார்கள். சட்டைப் பையில் பெட்டி துருத்திக்கொண்டிருக்கும். டாக்டரம்மா முப்பது வருஷமாக இந்தக் கதைகளைக் கேட்டுக் கேட்டு, வாய் சொல்வதை விட்டுவிட்டு வாய்க்குள் தெரிவதை மட்டும் நம்பப் பழகியிருந்தார். கோபக்காரர் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர். அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. யாரும் அவரிடம் வளவளவென்று பேச மாட்டார்கள்.

அன்றைக்குக் கூட்டம் வடிந்து, சிஸ்டர் நாற்காலிகளை நேராக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மூன்று பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் கனத்த சரீரத்தோடு ஒரு மனிதர். அவருக்குப் பின்னால், கழுத்தெலும்பு தெரிய மெலிந்த ஒரு பெண். அவள் கையைப் பிடித்தபடி ஏழெட்டு வயதில் ஒரு பெண்பிள்ளை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சவுண்டின் மனைவி.

சவுண்டு யாரென்று சொல்லிவிட வேண்டும். பஸ் கண்டக்டர். அந்த மனுஷன் இங்கே குரல் கொடுத்தால் அடுத்த நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் சில்லறையை எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்று கேலி பேசுவார்கள். பெயர் வைத்தவர் யாரோ, டிரைவர் முதல் டிப்போ அதிகாரி வரைக்கும் எல்லாருக்கும் அவர் சவுண்டுதான். தன் பங்குக்கு அவர் மகளுக்குச் சில்லறை என்று பட்டப்பெயர் வைத்தார். "எவ்வளவு பெரிய நோட்டு கையில இருந்தாலும் சில்லறை இல்லேன்னா பொழப்பு ஓடாது டாக்டரம்மா" என்று விளக்கம் வேறு.

குரல் கரகரத்தபோது, கத்திக் கத்திக் கட்டிக்கொண்டது என்று விட்டுவிட்டார். டாக்டரம்மாவிடம் வந்து சேர்ந்தபோது குரல்நாண் இரண்டையும் புற்றுக்கட்டி தின்றிருந்தது. குரல் பெட்டியை அப்படியே எடுத்துவிட்டு, மூச்சுக்குக் கழுத்தில் ஓட்டை வைப்பதைத் தவிர வழியில்லை. "வலி தெரியாமப் பாத்துக்கறேன், அது என் பொறுப்பு" என்று டாக்டரம்மா வாக்குக் கொடுத்திருந்தார். ஆபரேஷன் மேஜையில் படுக்கவைத்து மயக்க மருந்து ஏற்றும்போது மனுஷன் திடீரென்று தலையைத் தூக்கி, மிச்சமிருந்த கரகரத்த குரலையெல்லாம் கூட்டி, "போலாம்... ரைட்!" என்றார். முகமூடிகளுக்குள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. குரல் பெட்டியை எடுக்கிற டாக்டர்களுக்கு இப்படி ஒரு சாபக்கேடு உண்டு. ஒரு மனிதனின் கடைசி வார்த்தை பெண்டாட்டி பிள்ளை காதில் விழாமல் இவர்கள் காதில்தான் விழும்.

கண் விழித்த மறுநாள் சவுண்டு தன் விசிலைக் கேட்டு வாங்கி உதட்டில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று கழுத்து ஓட்டை வழியாகப் புஸ்ஸென்று போனது. விசில் அசையவே இல்லை. பக்கத்தில் நின்ற மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனுஷன் ஒரு நிமிஷம் அந்த விசிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதைத் திருப்பிப் பிடித்துக் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார். டக்.

"அட, இது நல்லா இருக்கே" என்றார் டாக்டரம்மா. "ஒரு தட்டுன்னா வா. ரெண்டுன்னா தண்ணி. மூணுன்னா வலி. சரியா?"

சவுண்டு நான்கு தட்டினார்.

"நாலா? நாலுன்னா என்ன?"

சிலேட்டை வாங்கி எழுதிக் காட்டினார்: சும்மா.

அன்றிலிருந்து டாக்டரம்மா வார்டில் அந்தப் பக்கம் போனாலே நான்கு தட்டு விழும். "சும்மா எதுக்குய்யா கூப்பிடற? எனக்கு வேற வேலை இல்லையா?" என்று எரிந்து விழுவார். மனுஷன் தோள் குலுங்கச் சிரிப்பார், சத்தமில்லாமல். வீட்டுக்குப் போய்ச் சில மாதம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு நோய் நெஞ்சுக்கு இறங்கியது. வேறு ஆஸ்பத்திரியில் மருந்து, பிறகு வீடு, பிறகு போய்ச் சேர்ந்துவிட்டார். சிஸ்டர் வந்து சொன்னபோது டாக்டரம்மா வேறொருவர் மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தார். அப்படியா என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். போய்ப் பார்க்கவில்லை. அந்த வாக்கு மட்டும் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுவிட்டது.

இப்போது சவுண்டின் மனைவி எதிரில் உட்கார்ந்திருந்தாள். பேசியவர் கனத்த மனிதர், சவுண்டின் அண்ணன்.

"டாக்டர், இவ காதுல தம்பி தட்டறானாம். வலது காதுல. பொழுது விடிஞ்சா பொழுது போனா தட்டறானாம். மூணு டாக்டருங்க பாத்துட்டாங்க. எல்லாரும் காதுல ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. ஸ்கேனும் சுத்தம். கடைசி டாக்டர் மனநோய் டாக்டர்கிட்ட அனுப்பினாரு. அவர் குடுத்த மாத்திரையில தையல் மெஷின்லயே தூங்கி விழுந்து, ஊசி விரல்ல ஏறிடுச்சு."

பெண் தன் ஆள்காட்டி விரலை மடக்கி மறைத்தாள். நகத்தின் நடுவே கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது.

"நான் கெட்டவன் இல்ல டாக்டர். பிள்ளையைப் பாருங்க. அம்மா காதோட காதை வெச்சுத்தான் படுக்குது. அப்பா கூப்பிடறாருங்குது. பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லி, மத்த பிள்ளைங்க பக்கத்துல உக்கார மாட்டேங்குதுங்க." குரலைத் தாழ்த்தினார். "அதைவிட ஒண்ணு. போன வாரம் இவ மெஷினை நகர்த்த ஒரு கை பிடிச்சேன். இவ பக்கத்துல குனிஞ்சப்போ எனக்கே கேட்டுச்சு. டக் டக் டக். நான் விட்ட ஓட்டத்துல செருப்பை அங்கேயே விட்டுட்டுப் போயிட்டேன்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிஸ்டர் மருந்துத் தட்டைப் பார்த்துச் சொன்னார்.

"நீங்க ஈஸியா சொல்லிடுவீங்க சிஸ்டர்" என்றார் அண்ணன்காரர். "இவளுக்குப் புத்தி பிசகியிருந்தா அந்த வீட்டுல பிள்ளையை விட முடியுமா? இல்ல, பேய்தான் பிடிச்சிருக்குன்னா, விட முடியுமா? நாளைக்குக் காலையில எங்க ஊருக்கு வண்டி. நானும் என் சம்சாரமும் பிள்ளையைக் கூட்டிட்டுப் போய் வளக்கறோம். நீங்க கடைசியா ஒரு தடவை பாத்து, காதுல ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டா என் மனசாட்சிக்கும் நிம்மதி."

ஆக, விஷயம் இவ்வளவுதான். பைத்தியம் என்றால் பிள்ளை போகும். பேய் என்றால் பிள்ளை போகும். காதில் ஒரு வியாதி இருந்தால் மட்டும் பிள்ளை தங்கும். தன் காதில் வியாதி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்த நோயாளியை டாக்டரம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார்.

"நீங்க பாத்தா தெரியும்னு வந்தேன் டாக்டரம்மா" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

டாக்டரம்மா நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டார். காதுக்குள் பார்த்தார். செவிப்பறை புதுச் சிப்பி மாதிரி பளபளவென்று ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. சத்தம் புகாத சின்ன அறைக்குள் அவளை உட்காரவைத்துக் காதுகேட்கும் சோதனை செய்தார்கள். கண்ணாடிக்கு அப்பால், மெல்லிய ஒலி வரும்போதெல்லாம் அவள் பட்டனை அழுத்தினாள். ஒலி எதுவும் அனுப்பாத இடைவெளிகளிலும் அழுத்தினாள். அழுத்திவிட்டு, தப்பு செய்தவள்போல் கையை எடுத்துக்கொண்டாள்.

"வாயைத் திறம்மா. நல்லா. ஆ சொல்லு."

நாக்கை அழுத்திப் பார்த்தார். மேல்வாய், உள்நாக்கு, தொண்டைச் சுவர், எல்லாம் அதனதன் இடத்தில் அமைதியாக இருந்தன. மூன்று டாக்டர்களும் பார்த்ததைத்தான் அவரும் பார்த்தார். நிமிர்ந்தபோது அந்தப் பெண்பிள்ளை அவர் முகத்தையே வாசித்துக்கொண்டிருந்தது. அண்ணன்காரர் எழுந்து நிற்க ஆயத்தமானார்.

"உக்காருங்க" என்று அதட்டினார் டாக்டரம்மா. "சிஸ்டர், அந்த ரப்பர் குழாயை எடுங்க."

"எந்தக் குழாய் டாக்டர்?"

"நான் சேர்ந்த வருஷத்துக் குழாய். மூணாவது டிராயர்ல பிஞ்ச கையுறைக்கு அடியில இருக்கும்."

பச்சை நிறத்தில் முழ நீள ரப்பர் குழாய். ஒரு முனையை நோயாளியின் காதிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு கேட்பதற்கான பழைய காலத்துச் சாமான். இப்போது யாரும் தொடுவதில்லை. அண்ணன்காரர் ஓடிய கதையைக் கேட்டபோதுதான் அதன் ஞாபகம் வந்தது. டாக்டரம்மா முக்காலியை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு முனைகளையும் பொருத்தினார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்.

முதலில் ஒன்றுமில்லை. தன் ரத்தம் ஓடுகிற இரைச்சல்தான். அப்புறம், யாரோ அடுத்த அறையில் இரும்பில் இரும்பைத் தட்டுகிற மாதிரி, தெளிவாக:

டக், டக், டக்.

நின்றது. டாக்டரம்மா மூச்சை அடக்கினார்.

டக், டக், டக்.

கை தானாகக் குழாயைப் பிடுங்கிவிட்டது. முன்கையில் ரோமம் குத்திட்டு நின்றதைச் சிஸ்டர் பார்த்துவிடக் கூடாதே என்று கோட்டுக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அந்தக் கட்டில் கம்பி, அந்த விசில், அந்த வார்டின் டெட்டால் வாடை எல்லாம் ஒரு கணம் அந்த அறைக்குள் இருந்தன.

"எத்தனை கேட்டுச்சு?" என்றாள் அவள்.

டாக்டரம்மா குழாயைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"மூணுதானே? எனக்குத் தெரியும். எப்பவும் மூணுதான். கடைசி மாசம் பூரா மூணுதான் தட்டினாரு டாக்டரம்மா. மருந்து குடுப்பேன், கொஞ்சம் நேரம் அடங்கும், மறுபடி மூணு. கையில பலமே இல்லாம, விசில் நழுவி நழுவி விழும். எடுத்துக் கையில வெப்பேன். மறுபடி மூணு." அவள் அழவில்லை. அழுது தீர்த்துவிட்டுப் பேசுகிற குரல் அது. "அவர் தட்டறது எனக்குப் பயமில்ல. என் புருஷன்தானே. ஆனா செத்ததுக்கு அப்புறமுமா வலிக்கும்? அதைத்தான் யாராவது சொல்லுங்கன்னு கேக்கறேன். செத்தும் வலி விடாதா?"

அண்ணன்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று சொன்னவர் டாக்டரம்மாதானே.

மனது கலங்கும்போது கை பழகின வேலைக்குப் போகும். குழாயை மறுபடி காதில் வைத்துக்கொண்டு, வேறென்ன சொல்வதென்று தெரியாமல், ஆயிரம் தடவை சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார்.

"வாயைத் திற."

திறந்தாள். சத்தம் நின்றது.

டாக்டரம்மா காத்திருந்தார். இல்லை. "மூடு" என்றார். மூடினாள். டக், டக், டக். "திற." அமைதி. "மூடு." டக், டக், டக்.

"அடச்சே!" என்று கத்திவிட்டார். பெண்பிள்ளை திடுக்கிட்டு அம்மாவை ஒட்டிக்கொண்டது. "அடச்சே, சிஸ்டர்! நாம எல்லாருமே முட்டாளுங்க. மூணு டாக்டரும் முட்டாள், நானும் முட்டாள். தொண்டையைப் பாக்கணும்னா முதல்ல என்ன சொல்லுவோம்?"

"வாயைத் திறக்கச் சொல்லுவோம்."

"திறந்தா அது நின்னுடுது! திருடனைப் பிடிக்க மேளம் அடிச்சுட்டுப் போற கதையா இருக்கு. வாயை மூடினபடி பாக்கணும். கேமரா எடுங்க, மூக்கு வழியா போவோம்."

மரத்துப்போகவைக்கும் மருந்தை மூக்கில் அடித்துவிட்டு, மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டார். பக்கத்துத் திரையில் இளஞ்சிவப்பாக ஒரு குகை விரிந்தது. குழாய் உள்ளே போய், மேல்வாயின் பின்பக்கத்துச் சதையை மேலிருந்து எட்டிப் பார்த்தது. அந்தச் சதை துள்ளிக்கொண்டிருந்தது. மூன்று துள்ளல், ஓர் ஓய்வு. மூன்று துள்ளல், ஓர் ஓய்வு.

"இங்க வாங்கய்யா" என்று அண்ணன்காரரைக் கூப்பிட்டார். "கிட்ட வாங்க, கடிக்காது. இதுதான் உங்க பேய். மேல்வாயில பின்னாடி தொங்கற சதை. இதுதான் காதுக்குப் போற குழாயோட வாயையும் பிடிச்சு இழுக்கும். இந்தத் தசை தானாத் துடிக்குது. துடிக்கறப்போ எல்லாம் குழாய் வாய் திறந்து மூடி டக்குனு சத்தம் போடுது. அது நிஜ சத்தம். பக்கத்துல குனிஞ்சா உங்களுக்கும் கேக்கும், எனக்கும் கேக்கும். பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல. வியாதி. பேர் போட்டு எழுதித் தரேன், எங்க வேணா கொண்டுபோய்க் காட்டுங்க."

அந்த மனிதர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிம்மதி அடைவார் என்று டாக்டரம்மா எதிர்பார்த்தார்.

"அப்போ தம்பி இல்லியா?" என்றார் அவர்.

சொல்லிவிட்டு, அந்தப் பெரிய சரீரம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, துண்டுக்குள் முகத்தைப் புதைத்து ஓவென்று அழுதது. செருப்பை விட்டு ஓடினவர்தான். ஆனாலும் ஒரு மூலையில், தம்பி எங்கேயோ இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் பாவம். சிஸ்டர் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏன் வருது இது?" என்று அவள் கேட்டாள்.

"நிறைய பேருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாதும்மா. ஒரு ஊசி இருக்கு. முகச் சுருக்கம் தெரியாம இருக்கப் பணக்காரங்க போட்டுப்பாங்களே, அதே மருந்துதான். அந்தத் தசையில கொஞ்சம் போட்டா அது ஓய்ஞ்சு படுத்துக்கும். மூணு நாலு மாசம் தாங்கும். அப்புறம் தேவைப்பட்டா மறுபடி போடலாம்."

"சரி. ஆனா ஏன் மூணு?"

"தசைக்கு எண்ணத் தெரியாதும்மா."

"உங்களுக்குத் தெரியுமே டாக்டரம்மா. நீங்கதானே அந்தக் கணக்கைச் சொல்லிக் குடுத்தீங்க." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. "ஊசி போட்டா அவருக்கு வலி நிக்குமா?"

படித்த டாக்டர் என்ன சொல்ல வேண்டும்? அது அவர் இல்லை, உன் தசை என்று சொல்லியிருக்க வேண்டும். "நிக்கும்" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் ஊசி போட்டார்கள். வண்டி கிளம்பியது, அண்ணன்காரர் தனியாகத்தான் போனார். பிள்ளைக்கு ஒரு பை நிறைய மிட்டாய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று கேள்வி.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். சத்தம் அடங்கிவிட்டிருந்தது. மருந்து கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்திருந்ததால் அவளுக்குப் பேச்சு மூக்கால் வந்தது. தண்ணீர் குடித்தால் கொஞ்சம் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. "குனிஞ்சு சின்னச் சின்ன வாயாக் குடி, தானாச் சரியாயிடும்" என்றார் டாக்டரம்மா. ரப்பர் குழாயை வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. ஆளில்லாத வீடாட்டம் இருந்தது.

"எப்படி இருக்கு?"

"நிம்மதியா இருக்கு" என்று மூக்கால் சொன்னாள். அந்தக் குரலுக்கு யாருக்கும் சிரிப்பு வரும். பிள்ளை சிரிக்கவில்லை.

"என்ன சில்லறை, டாக்டர் மேல கோபமா?" என்று சிஸ்டர் கன்னத்தைத் தட்டப் போனார்.

அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு, டாக்டரம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னது: "எங்கப்பா பேச்சை முதல்லயும் நீங்கதான் எடுத்தீங்க. இப்பவும் நீங்கதான் எடுத்தீங்க."

அம்மாக்காரி அதன் வாயைப் பொத்தினாள். "சின்னப் பிள்ளை, தெரியாமப் பேசுது, மன்னிச்சுக்குங்க" என்று மூக்கால் கெஞ்சினாள். டாக்டரம்மா கைகழுவப் போனார். வெகுநேரம் கழுவினார்.

ஊசி போட்டது அவளுக்கு. சத்தம் வந்து ஒட்டிக்கொண்டது டாக்டரம்மாவுக்கு. காற்றில் ஜன்னல் கொக்கி அடித்தால் எண்ணினார். பக்கத்து அறையில் யாராவது டம்ளரை வைத்தால் எண்ணினார். வீட்டில் குழாய் சொட்டினால், மூன்று சொட்டுக்குப் பிறகு நான்காவது விழுகிற வரைக்கும் கையில் எடுத்த கரண்டியோடு நின்றார். ஒருநாள் வார்டில் யாரோ கட்டில் கம்பியில் தட்டினார்கள். மூன்று. திரும்பிப் பார்த்தால் ஒரு கிழவர் மாத்திரைப் பட்டையை உதறிக்கொண்டிருந்தார். "எதுக்குய்யா தட்டற?" என்று டாக்டரம்மா போட்ட சத்தத்தில் அவர் மாத்திரையைக் கீழே போட்டுவிட்டார். பிறகு டாக்டரம்மாவே குனிந்து பொறுக்கிக் கொடுத்து, "வலிக்குதா? எங்க வலிக்குது?" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம் டாக்டரம்மா வலி என்று சொன்ன எவரையும் அதட்டவில்லை. சிஸ்டர் இதைக் கவனித்தார்.

ஒரு சாயங்காலம், எல்லாரும் போனபிறகு, சத்தம் புகாத அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே எதுவுமே கேட்காது. கேட்கவில்லைதான். ஆனால் கேட்காமல் இருப்பதையே காது குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டிருந்தது. வலி நிற்கும் என்று சொல்லிவிட்டோம், நின்றதா என்று யாரைக் கேட்பது? செத்தவனைப் பரிசோதனைக்கு வரச்சொல்ல முடியுமா? இந்த மாதிரி எண்ணமெல்லாம் படித்தவளுக்கு வரலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

மருந்தின் காலம் முடிகிற சமயத்தில் அவர்கள் மறுபடி வந்தார்கள். வெளியே கூட்டம் அலைமோதியது. அவளுக்குக் குரல் சரியாகியிருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"சத்தம் திரும்பிடுச்சா?"

"முந்தாநாள்லேருந்து."

"எதிர்பார்த்ததுதான். சிஸ்டர், ஃப்ரிட்ஜ்லேருந்து அந்த மருந்தை எடுங்க." டாக்டரம்மா கையுறையை மாட்ட ஆரம்பித்தார். அவசரமாக மாட்டினார். அந்த மூன்றைத் தன் காதால் இன்னொரு தரம் கேட்பதற்கு முன்னால் ஊசியைப் போட்டுவிட வேண்டும் என்றிருந்தது.

"வேணாம் டாக்டரம்மா" என்றாள் அவள்.

"என்ன வேணாம்?"

"ஊசி வேணாம்."

"விளையாடறியா? உன் புருஷனோட அண்ணன் மறுபடி வண்டி பிடிச்சு வந்து நிப்பாரு."

"வர மாட்டாரு. பேயோட இருந்தா பிள்ளையைப் பிடுங்குவாங்க. வியாதியோட இருந்தா யாரு என்ன சொல்லப்போறாங்க? எத்தனையோ பேர் சர்க்கரையோட இருக்காங்க, நான் இதோட இருந்துட்டுப் போறேன்." அவள் முகத்தில் ஒரு சிரிப்பு, சவுண்டு உயிரோடு இருந்த நாளில் பார்த்தது. "அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்களும் கேக்கணும்."

சில்லறை தானாகவே மூன்றாவது டிராயரை இழுத்து, கையுறைக் குப்பைக்கு அடியில் கைவிட்டு, பச்சைக் குழாயை எடுத்துவந்து நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"கேளுங்க" என்றாள்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். ஒரு முனை அங்கே, ஒரு முனை இங்கே. சிஸ்டர் சொல்லாமலே மின்விசிறியை நிறுத்தினார். அம்மாக்காரி வாயை மூடிக்கொண்டாள்.

டக்.

டக்.

டக்.

டாக்டரம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவ்வளவுதான், மூன்று, அதே மூன்று. குழாயை எடுத்துவிடக் கை உயர்ந்தது.

டக்.

கை அந்தரத்தில் நின்றது. இடைவெளி. மறுபடியும் வந்தது. இந்தத் தரம் விரலை மடக்கி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடியும் நான்கு. மருந்து பாதி தேய்ந்த தசை வேறு தாளத்தில் துடிக்கலாம், புத்தகம் அப்படித்தான் சொல்லும். அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் அழுதார்.

"என்ன சொல்றாரு?" என்று சில்லறை கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் கேட்கவில்லை; சரிபார்த்துக்கொள்ளக் கேட்டாள்.

"ஒண்ணுமில்லடா கண்ணு" என்றார் டாக்டரம்மா. "சும்மாதான் கூப்பிட்டிருக்காரு."

கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ பொறுமையிழந்து இருமினார்கள். சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "டாக்டர், வெளிய ஒரு கூட்டமே நிக்குது" என்றார்.

"நிக்கட்டும்" என்றார் டாக்டரம்மா, குழாயைக் காதிலிருந்து எடுக்காமல்.